பதினேழுக்குப் பட்ட நாவூறு

மெல்பேர்ன் புறநகரான வெரிபீயில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் கடையில் முழுப் பூசணிக்காய் விற்பதில்லை. கால் கால் துண்டாக வெட்டி, மெல்லிய பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றி, கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை அந்த அடுக்குக்கு முன்னால் நின்றுகொண்டு, முழுதாக ஒன்று உள்ளே இருக்குமா என்று கடைப் பெண்ணிடம் கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இந்த வயதில் இந்த மனிதர் அதை எப்படித் தூக்கிக்கொண்டு போவார் என்று யோசித்திருப்பாள். பிறகு, துண்டுகள்தான் வரும், முழுதாக யாரும் கேட்பதில்லை என்றாள்.

எனக்கு அது கறி வைக்கத் தேவைப்படவில்லை. முதல்நாள் கெவ் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தான். எழுபதுகளில் என்னோடு பெயின்ட் தொழிற்சாலையில் வேலை செய்தவன். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டான். வருடக் கடைசியில் நத்தார் வாழ்த்துச் சொல்ல மட்டும் கூப்பிடுகிற ஆள் நடு ஜூலையில் கூப்பிட்டால் நல்ல செய்தியாக இருக்காது என்று தெரிந்துதான் எடுத்தேன்.

"பதினேழு போயிட்டான்," என்றான். எங்கள் அணியின் பழைய ஆட்டக்காரன். "ஞாயிற்றுக்கிழமை பழைய மைதானத்திலை, மிஞ்சி இருக்கிற ஆக்கள் எல்லாரும் கூடுறம். சறோவையும் கூட்டிக்கொண்டு வா. வரேக்கை ஒரு பூசணிக்காயும் கொண்டு வா."

கெவ் எப்போது தமிழ் படித்தான் என்று கேட்காதீர்கள். அவனுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்தான் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் ஐம்பது வருடமாக இந்த மனிதர்களை மனதுக்குள் வைத்துக் கதைத்துக் கதைத்து, அவர்கள் எல்லோரும் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள். இனி அவர்களை ஆங்கிலத்துக்குத் திருப்பி அனுப்ப என்னால் முடியாது.

நான் மெல்பேர்னுக்கு வந்தது எழுபதுகளின் நடுப்பகுதியில். ஊரில் இரசாயனம் படித்த ஆளுக்கு நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் சோதனை அறையில் வேலை கிடைத்தது. காலையில் ஒரு வாளி பச்சை, மத்தியானம் ஒரு வாளி நீலம். காய்ந்த பிறகு அதே நிறமாக இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். பெயின்ட் காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று ஆங்கிலத்தில் மகா அலுப்பான வேலையைத்தான் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. கெவ் முதல்நாளே என் வேலையைப் பார்த்துவிட்டு ஏன் அப்படிச் சிரித்தான் என்று ஒரு வருடம் கழித்துத்தான் விளங்கியது.

டர்பன்டைன் மணம் இப்போதும் மூக்கில் பட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தேநீர் அறைதான். அங்கே ராணி ஐவிதான். சிற்றுண்டிச்சாலையை நடத்தியவள், ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, குரல் மட்டும் ரயில் நிலைய ஒலிபெருக்கி. முதல் ஆறு மாதம் என்னோடு யாரும் கோபமில்லை, ஆனால் யாருக்கும் என்னோடு பேச விஷயமும் இல்லை. திங்கட்கிழமை காலையில் அத்தனை பேரும் சனிக்கிழமை நடந்த கால்பந்தாட்டத்தைப் பற்றி அடிபடுவார்கள். நான் என் கோப்பைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அந்தக் கோப்பைக்குள் நான் பார்த்த அளவுக்கு ஜோசியர்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஒரு நாள் ஐவி என் முன்னால் வந்து நின்று, "ராசா, உமக்கு எந்தக் கட்சி?" என்று கேட்டாள். எந்த அணி என்று கேட்கிறாள். எனக்கு இல்லை என்றேன். மதம் இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அவள் அவ்வளவு இரக்கப்பட்டிருக்க மாட்டாள். அந்தச் சனிக்கிழமையே கெவ்வும் ஐவியும் என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கையாலும் பிடித்துக் காலாலும் உதைக்கிற, இந்த நாட்டுக்கே உரிய கால்பந்தாட்டம். முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பம். கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட ஒருவர் வைத்தியர் மாதிரி நின்றார். காயப்பட்டவர்களைக் கவனிக்க வந்தவர் என்று நினைத்தேன். திடீரென்று இரண்டு கொடியை எடுத்து வீசினார், ஊரே எழும்பிக் கத்தியது. அவர் கோல் நடுவராம். முதல் கால் மணி நேரம் இதை ஆட்டம் என்று நான் நம்பவில்லை. ஏதோ கோயில் நிர்வாகசபைக் கூட்டம் முற்றிவிட்டது என்றே பட்டது.

பிறகு பதினேழு பந்தைத் தொட்டான்.

பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும், ஆனால் நாங்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. முதுகில் இருந்த இலக்கம்தான் பெயர். உயரமும் இல்லை, தடிப்பும் இல்லை. பகலில் குழாய் திருத்துகிற வேலை. அன்று மழை பெய்து சேறாகக் கிடந்தது. மற்றவர்களுக்கு அந்தப் பந்து சவர்க்காரம் போல வழுக்கிக்கொண்டு போனது. இவன் ஓடிக்கொண்டே ஒரு கையை நீட்டினான், பந்து வந்து ஒட்டிக்கொண்டது. மூன்று பேர் மேலே பாய்ந்தார்கள். இவன் இடது தோளைக் கொஞ்சம் சரித்தான். அவ்வளவுதான். மூன்று பேரும் அந்தப் பக்கம் போய்ச் சேற்றில் இருந்தார்கள். இவன் அவர்களை வழியனுப்பி வைத்தவன் போல ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, இடது காலால் உதைத்தான். அடுத்த தடவை வலது காலால். எது அவனுடைய கைப்பழக்கமான கால் என்று பத்து வருடம் பார்த்த கெவ்வுக்கே தெரியாது. தூரத்தில் ஓடுகிறவனின் நெஞ்சுக்கு, கையில் கொண்டு போய்க் கொடுத்த மாதிரிப் பந்து போய்ச் சேரும்.

திங்கட்கிழமை தேநீர் அறையில் நான் வாய் திறந்தேன். அதற்குப் பிறகு மூடவில்லை என்று சறோ சொல்வாள். சறோ என் மனைவி, அடுத்த வருடம்தான் வந்து சேர்ந்தாள்.

மைதானத்தில் எங்களுக்கு ஓர் இடம் இருந்தது. ஆட்டக் கணக்கு எழுதும் பலகைக்குக் கீழே, வெள்ளை வேலியை ஒட்டி. நான் குள்ளம் என்பதால் கெவ் எனக்கு ஒரு அப்பிள் பெட்டி கொண்டு வந்தான். தொழிற்சாலையில் மிஞ்சிய பச்சைப் பெயின்டால் அதில் பதினேழு என்று எழுதியிருந்தான், நானே சோதித்துக் கையெழுத்துப் போட்ட பச்சை. அந்தப் பெட்டியில் ஏறி நின்றால் மட்டும்தான் எனக்கு இந்த நாட்டில் ஓர் இடம் இருக்கிறது என்ற எண்ணம் வரும். இதை இப்போது எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

சறோ வந்த வருடம் எங்கள் அணி வென்றுகொண்டே போனது. ஐவி வெற்றி தொடங்கிய நாளில் போட்டிருந்த கார்டிகனைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு வந்தாள். ஆகஸ்ட் அளவில் காற்று அவள் பக்கமிருந்து வராத இடமாகப் பார்த்து நிற்பது நல்லது. கெவ் மூன்றாம் வாசலால்தான் உள்ளே வருவான். மற்ற வாசல்கள் சும்மா கிடந்தாலும் அதில்தான் வரிசையில் நிற்பான். மைதானத்தில் விற்கும் இறைச்சிப் பணியாரத்தை அதிர்ஷ்டத்துக்காகத் தலைகீழாகப் பிடித்து அடிப்பக்கத்தால் கடிப்பான், சோஸ் சட்டையில் வடியும். நான் படித்தவன், இரசாயனம் தெரிந்தவன், இதையெல்லாம் பார்த்து மனதுக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் வாங்கிக் கட்டினேன்.

இறுதிச் சுற்று ஆட்டங்கள் தொடங்க மூன்று வாரம் இருந்தது. அன்று பதினேழு ஆடிய ஆட்டத்தை நான் என்னவென்று சொல்ல! வேலியோரம், எங்களுக்கு நேர் முன்னால், நான்கு பேருக்கு நடுவில் புகுந்து, விழப் போய், விழாமல், பந்தை நிலத்தில் ஒருதரம் தட்டி எடுத்து, திரும்பியும் பார்க்காமல் உதைத்துக் கோல் போட்டான். நான் பெட்டியில் நின்று, என்னை மறந்து, முழுத் தொண்டையால், தமிழில் கத்தினேன்:

"இவனுக்கு எலும்பே இல்லையடா! இவன் விழவே மாட்டான்!"

அடுத்த நிமிடம் விழுந்தான். யாரும் முட்டவில்லை, தள்ளவில்லை. தனியாக ஓடிவந்தவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டான். அவனைக் கைத்தாங்கலாகக் கொண்டு போனார்கள். கெவ் திரும்பி, "இப்ப என்ன கத்தினனீ?" என்று கேட்டான்.

அங்கேதான் நான் செய்த மடத்தனம். சும்மா ஏதோ கத்தினேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான் உண்மையைச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் விளக்கமும் கொடுத்தேன்: எங்கள் ஊரில் நாவூறு என்று ஒன்று இருக்கிறது, ஒருவரை அளவுக்கு மிஞ்சி வாய்விட்டுப் புகழ்ந்தால் அந்தப் புகழே போய் அவரை அடித்துப்போடும், அதனால் நாங்கள் குழந்தையைக்கூட வடிவென்று சொல்ல மாட்டோம் என்று. ஏதோ பாதிச் சிரிப்போடுதான் சொன்னேன். அவர்களும் சிரித்துவிட்டு விடுவார்கள் என்று நினைத்தேன். மூன்று மாதம் கார்டிகன் துவைக்காத பெண்ணிடம் இதைச் சொல்லலாமா என்று நான் யோசிக்கவே இல்லை.

ஐவி வெளிறிப் போனாள். "இது தெரிஞ்சிருந்தும் நீர் வாயைத் திறந்தனீரோ?" என்றாள்.

திங்கட்கிழமை எனக்குத் தேநீர் வந்தது, வழக்கமாகக் கூட வரும் ஸ்கோன் என்ற ரொட்டி வரவில்லை. பதினேழு இந்த வருடம் இனி ஆட மாட்டான் என்று பத்திரிகையில் வந்திருந்தது. சேமிப்பு அறை ஆட்கள்கூட என்னைக் கண்டால் கதையை நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை கெவ் என் மேசைக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்குப் பெட்டி கொண்டு வரேல்லை. ஐவிக்கு மனம் ஒருமாதிரி இருக்கு. அவன் சுகமாகும் வரைக்கும் நீ வீட்டிலை இருந்து றேடியோவிலை கேளன்," என்றான். கெட்டவன் இல்லை. காது சிவந்திருந்தது அவனுக்கு.

வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் உட்கார்ந்தேன். அழவில்லை என்று எழுதத்தான் ஆசை. சறோ என்ன நடந்தது என்று கேட்டாள், முழுக்கக் கேட்டு முடித்துவிட்டு, "இதுக்கே இந்தப் பாடு? கழிச்சு விட்டால் போச்சு," என்றாள், ஏதோ அடைத்துக்கொண்ட குழாயைப் பற்றிச் சொல்வது போல.

நீற்றுப்பூசணிக்காய்தான் வேண்டும் என்றாள். தலையைச் சுற்றிக் கழித்து, தெருவில் போட்டுச் சிதற அடிக்க வேண்டும். அந்த நாளில் மெல்பேர்னில் நீற்றுப்பூசணிக்கு எங்கே போவது? இரண்டு நாள் தேடி, இத்தாலியர் ஒருவரின் மரக்கறிக் கடையில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். தோல் சாம்பல் நீலம், நீறு பூத்த மாதிரி. அச்சு அசல் நம்முடைய காய் என்று எனக்கும் பட்டது. அது வேறு சாதிக் காய், இந்த நாட்டு ஆட்கள் கோடாலி கொண்டு பிளக்கிற காய் என்று கடைக்காரர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பயிற்சி. அந்தக் காலத்தில் யாரும் போய் வேலியில் சாய்ந்து பார்க்கலாம். சறோ கூறைச் சேலைக்கு மேலே என்னுடைய குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு, பூசணிக்காயை மடியில் வைத்தபடி ரயிலில் வந்தாள். வாசலில் கெவ்வும் ஐவியும் நின்றார்கள்; நான்தான் சொல்லியிருந்தேன். கெவ்வின் கையில் அப்பிள் பெட்டி இருந்தது. "நிக்கிறதுக்கு இல்லை," என்று அவசரமாகச் சொன்னான். "அவன் இருக்கிறதுக்கு."

ஐவி வேலிக்கு மேலால் குரல் கொடுத்தாள். பதினேழு குழாய் வேலை உடுப்போடு, காலை இழுத்து இழுத்து வந்தான். உடம்பெல்லாம் தைல மணம், எங்கள் வீட்டுத் தலையிடித் தைலத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஐவி அவனுக்கு விஷயத்தைச் சொன்னாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பான், அல்லது போகச் சொல்வான் என்று நினைத்தேன். அவன் சறோவைப் பார்த்து, "நோகுமோ?" என்று கேட்டான்.

நான் மொழிபெயர்த்தேன். சறோ சொன்னாள்: "அவருக்கு நோகாதெண்டு சொல்லுங்கோ. பூசணிக்காய்க்குத்தான் நோகும்."

அவன் பெட்டியில் உட்கார்ந்தான். சறோ காயின் தலையில் கற்பூரத்தை வைத்தாள். காற்று மூன்று தரம் அணைத்தது. நான்காம் தரம் ஐவி தன் சிகரெட் லைட்டரோடு இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றிச் சுற்றி நடந்தாள். வலமாக மூன்று, இடமாக மூன்று. பயிற்சி நின்றுபோய், அத்தனை ஆட்டக்காரரும் கோயில் வாசலில் நிற்பவர்கள் மாதிரி அமைதியாக நின்று பார்த்தார்கள். பிறகு சறோ காயை என்னிடம் தந்தாள். "புகழ்ந்த ஆள்தான் உடைக்க வேணும்."

வாசலுக்கு வெளியே தார் போட்ட இடத்தில் தலைக்கு மேலே தூக்கி ஓங்கி அடித்தேன். அது துள்ளியது. சத்தியமாகத் துள்ளியது. உருண்டு போய் ஒரு காருக்குக் கீழே ஒளித்துக்கொண்டது. எடுத்து வந்து மறுபடி அடித்தேன், தாரில்தான் குழி விழுந்தது. மூன்றாம் தரம் என் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. பின்னால் பார்த்தால் பதினேழு வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரிக்கிறான், அவனைப் பார்த்து மற்றவர்களும். சறோ மட்டும் சிரிக்கவில்லை. "உடையாமல் போகேலாது," என்றாள்.

அப்போதுதான் மைதானக் காவலாளி வந்தார், முசுடு என்று பேரெடுத்த மனிதர். என்ன குப்பை இது என்று கத்த வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு நேரே கொட்டிலுக்குப் போனார். கிரிக்கெட் தரையை மட்டப்படுத்துகிற இரும்பு உருளையை இரண்டு ஆட்டக்காரர் தள்ளிக்கொண்டு வர, அவர் முன்னால் நடந்து வந்தார். உருளை ஏறியபோது எழுந்த சத்தத்தில் பலகைக்கு மேலிருந்த கடற்பறவைகள் எல்லாம் பறந்தன.

பதினேழு என்னிடம் நொண்டி வந்தான். "அப்பிடி என்னதான் சொல்லிப் புகழ்ந்தனீங்கள்?" என்று கேட்டான். நான் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினேன். இன்னொரு தரம் சொன்னால் இன்னொரு பூசணிக்காய் வேண்டும் என்று கெவ் விளங்கப்படுத்தினான். "சரி, பிறகு ஒரு நாளைக்குச் சொல்லுங்கோ," என்று என் தோளில் தட்டினான்.

இரண்டரை வாரம் கழித்து நகரத்துப் பெரிய மைதானத்தில் அரையிறுதி ஆட்டம். பதினேழு மாற்று ஆட்டக்காரனாக, தோளில் கம்பளியோடு ஓரமாக இருந்தான். பத்திரிகைக்காரர் வைத்தியரைப் புகழ்ந்தார்கள். எங்களுக்குத் தெரியும் யாரைப் புகழ வேண்டும் என்று, ஆனால் புகழவில்லை. கெவ் அப்பிள் பெட்டியை ரயிலில் கொண்டு வந்து, என் காலடியில் வைத்தான். ஐவி ஒரு ஸ்கோன் தந்தாள். வெண்ணெய் தடவியது.

ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் அவனை இறக்கினார்கள். மூன்று தரம்தான் பந்து கிடைத்தது. மூன்றாவது தரம், காலைச் சரியாக ஊன்ற முடியாமல், ஒற்றைக் காலில் சுழன்று இடது காலால் அடித்த கோல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. என் வாய் தன்பாட்டில் திறந்தது. ஐவி தன் கையால் அதை மூடினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "ஏதும் சொல்லத்தானே வேணும், ஆபத்தில்லாத சொல்லொண்டு சொல்லும்," என்றாள். நான் யோசித்து, "பரவாயில்லை," என்றேன். அவளுக்குப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அவன் ஆட்டத்தை விடும் வரைக்கும், பலகைக்குக் கீழே நின்ற பத்துப் பதினைந்து பேர், இந்த நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரனைப் பார்த்து, உயிர் போகக் கத்தியது ஒரே ஒரு சொல்: "பரவாயில்லை!" எதிரணிக்காரர் அதைத் தூசணம், ஏதோ கெட்ட வசவு என்று நினைத்துப் பயந்தார்கள்.

கோல் ஒன்றுக்கு ஆறு புள்ளி; அன்று அந்த ஆறுகூட இல்லாத வித்தியாசத்தில் தோற்றோம். ரயிலில் கெவ் அப்பிள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பிறகு, "காய் முதல் அடியிலேயே உடைஞ்சிருந்தால் வெண்டிருப்பம்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் சறோவும் நான்கு துண்டுகளோடு போனோம். நான்கும் நான்கு காயிலிருந்து வந்தவை, ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சறோ சேர்த்து வைத்து நாடாவால் கட்டியிருந்தாள். பார்க்க அடிபட்டு வந்த காய் மாதிரி இருந்தது. கெவ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து அதைப் பார்த்தான். "அண்டைக்கே இப்பிடி வெட்டிக்கொண்டு வந்திருக்கலாமே," என்றான். மூன்று பேரும் சிரித்தோம். ஐவி போய் இருபது வருடமாகிறது. கார்டிகனைக் கடைசியில் துவைத்தார்களா என்று அவளுடைய பிள்ளைகளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மரப் படிகள் இல்லை, பலகை இல்லை, மூன்றாம் வாசல் இருந்த இடத்தில் அடுக்குமாடி. வேலியையும் எடுத்துவிட்டார்கள். புல் மட்டும் இருக்கிறது. நாய்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். இப்போதைய ஆட்டக்காரரை நான் திரையில்தான் பார்க்கிறேன். பயிற்சிக்குப் போனால் உள்ளே விடமாட்டார்களாம். லட்சம் பேர் லட்சம் விதமாகத் தொலைபேசியில் புகழ்கிறார்கள், பிள்ளைகளுக்கு யார் கழித்து விடுகிறார்களோ தெரியாது.

ஒவ்வொருவரும் பதினேழைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள். என் முறை வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பிறகு ஒரு நாளைக்குச் சொல்லுங்கள் என்று கேட்டானே, நான் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. கண்ட இடத்தில் கைகுலுக்கினேன், முழங்கால் சுகமா என்று கேட்டேன், பயத்தில் அதை மட்டும் சொல்லவே இல்லை. இனிச் சொல்லலாம். இனி எந்த நாவூறும் அவனை எட்டாது. அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது. சறோ முழங்கையால் இடித்தாள். "சொல்லுங்கோவன்."

பலகை இருந்த பக்கம் திரும்பி நின்று, முழுத் தொண்டையால், தமிழில் சொன்னேன். இவனுக்கு எலும்பே இல்லை என்றேன். இவனைப் போல ஒருவன் பிறந்ததும் இல்லை, பிறக்கப் போவதும் இல்லை என்றேன். இவன் விழவே மாட்டான் என்றேன். சொல்லி முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில், விழுந்துவிட்டானோ என்று புல்வெளியைத் திரும்பிப் பார்த்தேன்.